வால் ஒட்டப் போற பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, துபாய்க்குப் போறவன் சட்டை எடுப்பான், பெட்டி எடுப்பான், அம்மாகிட்ட ரெண்டு பாட்டில் ஊறுகாய் வாங்கித் திணிப்பான். நீ என்னடான்னா பேருக்குப் பின்னால ஒட்டுறதுக்கு இன்னொரு பேரு தேடிக்கிட்டு நிக்கிற. அதையும் தாத்தன்கிட்ட வந்து கேக்குற. நல்ல காரியம். காசு வாங்காம யோசனை சொல்ற ஆளு வேடசந்தூர்லயிருந்து வடமதுரை வரைக்கும் நான் ஒருத்தன்தான் மிச்சம்.

ஏஜென்ட் சொன்ன விசயத்த உங்கப்பன் வந்து சொன்னான். 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகத்துக்காரன் ஒரு உத்தரவு போட்டானாம்: பாஸ்போர்ட்டுல ஒத்தப் பேரு மட்டும் வச்சிருக்கவன் விசிட் விசாவுல எங்க ஊருக்குள்ள வரப்படாது. நம்ம சனம் பதறவும், சரி, பாஸ்போர்ட்டோட ரெண்டாம் பக்கத்துல அப்பன் பேரோ குடும்பப் பேரோ இருந்தா விடுறோம்னு கொஞ்சம் எறங்கி வந்தான். அமெரிக்காக்காரன் கூத்து வேற மாதிரி. ஒரே பேரு இருந்தா அதைக் கொண்டுபோயி கடைசிப் பேரு கட்டத்துல தள்ளிட்டு, முதல் பேரு கட்டத்துல ‘எஃப்.என்.யூ.’ன்னு அடிச்சு விசா குடுக்குறான். முதல் பேரு தெரியாதுன்னு அதுக்கு அர்த்தமாம். தாய்மாமன் மடியில உக்கார வச்சு, மொட்டை போட்டு, காது குத்தி, கெடா வெட்டி, காதுக்குள்ள மூணு தடவை சொல்லி வச்ச பேருடா அது. கெடாக்கறி தின்ன முந்நூறு பேருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதாம்.

குத்தம் அவன் மேல மட்டும் இல்ல. நம்ம பழக்கம் அவனுக்கு வெளங்காது. நாம பேருக்கு முன்னால ஒரு எழுத்து வச்சோம். செ. கார்த்திகேயன். அந்த ஒத்த எழுத்துக்குள்ள உங்கப்பன் செல்வராஜ் காலை மடக்கி உக்காந்திருக்கான். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கூட்டுறவு சொசைட்டி எல்லாத்துலயும் அது போதும். பாஸ்போர்ட்டுல எழுத்தை மட்டும் போட விட மாட்டான், விரிச்சுத்தான் எழுதணும். அப்பத்தான் நம்ம சனத்துக்கு முழி பிதுங்குது.

நீ எழுதிட்டு வந்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் பாத்தேன். முதல்ல ‘வர்மா’. ரெண்டாவது ‘ஆர்யன்’. மூணாவது ‘ராய்’. ஏப்பா, எரியோட்டுப் பக்கம் நம்ம காட்டுல சோளம் வெதச்ச வர்மா யாரு? சரி, வச்சுட்டேன்னே வச்சுக்குவோம். ஆபீசுல ஒரு கான்பூர்க்காரன் ‘வர்மாஜி’ன்னு ஓடி வந்து கையைப் புடிச்சு மடமடன்னு இந்தியில கொட்டுவான். உனக்குத் தெரிஞ்ச இந்தி ‘தோடா தோடா’. அவன் மூஞ்சி மாறுறதைப் பாக்கணும் நீ. அடுத்தாப்புல ஒரு திருச்சிக்காரன் வருவான். வர்மாங்கிற பேரைப் பாத்துட்டு, உன்னை எதுக்க வச்சுக்கிட்டே பக்கத்துச் சீட்டுக்காரன்கிட்ட உன்னைப் பத்தித் தமிழ்ல பேசுவான். அது ஒண்ணுதான் அந்தப் பேரால உனக்குக் கெடைக்கிற லாபம்.

உங்க அத்தை சொன்ன பேரு அதைவிட அழகு. நியூமராலஜிக்காரன் ரெண்டு ‘ஏ’, ஒரு ‘ஹெச்’ சேக்கச் சொன்னானாம். பேரு மாத்துறதுக்கு ஒண்ணும் பெரிய பாடு இல்ல. எழுதுபொருள் அச்சுத்துறைக்கு மனு குடுத்தா, அரசிதழ்ல ஆறாம் பகுதி நாலாம் பிரிவுல போட்டுருவாக. இன்னாரு மகன் இன்னாரு, பொறந்த மாவட்டம் இன்னது, இனிமே இப்படித்தான் அழைக்கப்படுவேன்னு சுத்தமா அச்சாகி வந்துரும். பக்கம் பக்கமா வருது. கவருமெண்டு அச்சடிச்சுக் குடுக்கும், சரி. அழைக்கிறவன் அழைக்கணுமே?

அதைத்தான் நீ யோசிக்காம வந்திருக்க. பேரு வைக்கிறது நீ. அதைக் காதுல வாங்கி உள்ளுக்குள்ள ஒரு கணக்குப் போடுறவன் அடுத்தவன். நம்ம திண்டுக்கல்லையே பாரேன். நாகசாமி நாயுடு 1957-ல ஒரு சாப்பாட்டுக் கடை தொறந்தாரு. அவரு வச்ச பேரு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல். ஆனந்த விலாசை எவன் சொன்னான்? அவரு தலையில தலப்பா கட்டியிருந்தாரு. சாப்பிட வந்தவன் கண்ணுக்கு அதுதான் பட்டுச்சு. ‘தலப்பாக்கட்டிக் கடை’ன்னான். அதோட முடிஞ்சது. அப்புறம் ஊருக்கு ஊரு தலப்பாக்கட்டு, தலப்பாக்கட்டின்னு போர்டு மொளைச்சு, இது எங்க பேருன்னு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு நடந்துச்சு. யோசிச்சு வச்ச பேருக்கு எவனும் சண்டைக்கு வரல. சும்மா ஊரான் வாயில வந்த பேருக்கு வக்கீல் வச்சாக.

கடையை விடு, மாவட்டத்துக்கே அந்தக் கதிதான். 1985 செப்டம்பர் 15-ல மதுரையிலயிருந்து பிரிச்சு நமக்குத் தனி மாவட்டம் குடுத்தாக. அண்ணா பேரு வச்சாக, காயிதே மில்லத் பேரு வச்சாக, மன்னர் திருமலை பேரும் வச்சாக. மூணுமே பெரிய மனுசங்க பேரு, ஒரு கொறையும் இல்ல. ஆனா மதுரை பஸ் ஸ்டாண்டுல எந்த கண்டக்டராச்சும் ‘மன்னர் திருமலை, மன்னர் திருமலை, உள்ள ஏறு’ன்னு கத்தி நீ கேட்டிருக்கியா? நீ அப்பப் பொறக்கவே இல்ல, நான் கேட்டதில்ல. ‘திண்டுக்கல் திண்டுக்கல்’தான். 1997-ல தெக்க ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைக்கவும், அந்தப் பேரு போட்ட பஸ்சுல ஏற மாட்டோம்னு ஒரு கூட்டம் நின்னுச்சு. வெள்ளைக்காரனை எதுத்துச் செத்த வீரன் பேருடா அது. பேருக்குப் பின்னால இருக்க சாதிதான் இவனுக கண்ணுக்குத் தெரிஞ்சது. கலவரம் பெருசாகி, கடைசியில எல்லா மாவட்டத்துக்கும் எல்லாப் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒட்டுன பேரை மொத்தமா எடுத்துப்புட்டாக. நமக்கும் திண்டுக்கல் மட்டும் மிஞ்சுச்சு.

இப்ப உங்க தாய்மாமன் யோசனைக்கு வர்றேன். சாதியைப் போட்டுக்கடா மாப்ள, வெளிநாட்டுல ஒரு கெத்தா இருக்கும்னு சொன்னாராமே. துபாய் ஷேக்குக்கு உங்க மாமன் சாதியைக் கண்டா உடம்பு சிலுத்துருமாக்கும்! அவன் பாட்டுக்கு அதையும் ஒரு சொல்லுன்னு எழுதிட்டுப் போவான். அதைப் படிச்சுக் கணக்குப் போடப் போறவன் நம்மூர்க்காரன் ஒருத்தன்தான். நம்மூர்க்காரன்கிட்டக் கெத்துக் காட்டவா விமானம் ஏறுற? அதுக்குச் சாணார்பட்டிச் சந்தை போதுமே.

மாமன்கிட்டப் பட்டிவீரன்பட்டியைப் பத்திச் சொல்லு. வத்தலக்குண்டுப் பக்கம், காப்பிக்கொட்டை யாவாரத்துக்குப் பேரு போன ஊரு. அந்த ஊர்க்காரரு ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனாரு. 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல பெரியார் கூட்டுன முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்கு அவருதான் தலைவரு. பேருக்குப் பின்னால சாதிப் பட்டம் போடுறதை விட்ரணும்னு அங்க வச்சுத்தான் தீர்மானம் போட்டாக. அதுக்கு முன்னாலெல்லாம் பெரியார் பேருக்குப் பின்னால நாயக்கரு ஒட்டிக்கிட்டு வந்தாரு, சௌந்தரபாண்டியனாரு பேருக்குப் பின்னால நாடாரு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல ஒருத்தன் வாலோட வந்து நின்னா வித்தியாசமாத் தெரியுது பாரு, அதுக்கு வெதை அங்க விழுந்துச்சு. வடக்க ஒரு வாத்தியாருகிட்ட வாலு இல்லாத பேரைச் சொன்னா ‘முழுப் பேரு சொல்லுங்க’ன்னு கேக்குறாரு. நம்ம திண்டுக்கல்லு மில்லுல வேலைக்கு வந்த பீகார்ப் பையனுக்கும் அதே ஆச்சரியந்தான். இந்த ஊர்க்காரனுக்கெல்லாம் பேரு பாதியில நிக்குதேன்னு.

அவ்வளவு பெரிய மனுசனோட பேரு சென்னை வாயில என்ன ஆச்சு தெரியுமா? தியாகராய நகர்ல அவரு பேருல ஒரு கடைவீதி. சௌந்தரபாண்டியனாரு அங்காடி. சனம் சௌந்தரத்தை விட்டுட்டு, ‘பாண்டி பஜார்’னு சுருக்கி வச்சுக்கிச்சு. அங்க வளையல் வாங்குறவுகள்ல பாதிப்பேரு அது பாண்டிச்சேரின்னு நெனச்சுக்கிட்டு இருப்பாக. சாதியை வெட்டச் சொன்னவரு பேருல, சாதியோட சேத்து முன்பாதியையும் வெட்டிப்புட்டான் சென்னைக்காரன்.

வாலை வெட்டுனது சரி, வாலைத் தேடுற கை அடங்குச்சான்னா, அதுதான் இல்ல. கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்துல உக்காந்த ஆளு எப்படி ஆரம்பிப்பான்? ‘தம்பிக்கு எந்த ஊரு?’ சொல்லுவ. ‘அங்க எந்தத் தெரு?’ சொல்லுவ. ‘கோயிலுக்கு மேக்கயா, கெழக்கயா?’ அதுக்கும் ஒருவழியாச் சொல்லுவ. அப்பவும் கணக்கு முடியலைன்னா, ‘குலசாமி எது?’ம்பான். அதையும் மழுப்புனீன்னா, ரசம் ஊத்துற நேரத்துல ‘நம்ம இன்னாரு உங்களுக்குச் சொந்தமா?’ன்னு அந்தச் சாதி எம்.எல்.ஏ. பேரை எடுத்து வீசுவான். பாயசம் வர்றதுக்குள்ள கண்டுபுடிச்சுருவான். நெத்தியில வாலை ஒட்டிக்கிட்டே திரிஞ்சா, அவனுக்கு இம்புட்டு வேலை மிச்சமாகும். நீ எதுக்கு அவனுக்குச் சோலியைக் கொறைக்கணும்?

இன்னொரு கூத்து: ஆதார்ல வாலு இருக்காது, ஆபீசுல இருக்காது. தங்கச்சி சடங்குக்கு பிளெக்ஸ் அடிக்கும்போது பாரு, செத்துப்போன பாட்டன் பேருக்கெல்லாம் ஒரே ராத்திரியில வாலு மொளைச்சிருக்கும். 2025 அக்டோபர்ல தெருப் பேருல சாதி இருந்தா எடுக்கணும்னு அரசாணை வந்துச்சு. அந்தச் சூட்டோடயே கோயம்புத்தூர் அவினாசி ரோட்டுல பெரிய மேம்பாலத்தைத் தொறந்து வச்சாக, பேரு ஜி.டி. நாயுடு மேம்பாலம். டீக்கடையில ஒரு வாரம் இதே பேச்சு. எடுக்கவும் முடியல, விடவும் முடியல. ஜி.டி. பாலம்னு மட்டும் வச்சா எந்த ஜி.டி.ன்னு கேப்பான். அந்த மனுசன் வேலையால சம்பாரிச்ச பேருக்குள்ள சாதி போயி உக்காந்துக்கிச்சு. உனக்கு அந்தச் சிக்கல் இல்ல, நீ இன்னும் ஒரு பாலமும் கட்டல.

கடல் தாண்டிப் போனா அந்தச் சாதி வாலு என்னவாகும்னும் சொல்றேன். 1860 நவம்பர் 16-ல ‘ட்ரூரோ’ங்கிற கப்பல் மெட்ராஸ்லயிருந்து நம்ம சனத்தை ஏத்திக்கிட்டு டர்பன்ல எறக்குச்சு, கரும்புத் தோட்டத்துக்கு. அதுக்கடுத்தடுத்தும் கப்பல் போச்சு. இன்னைக்கு அங்க நாயுடு, பிள்ளை, மூட்லி, செட்டி, கவண்டர்னு வரிசையா இருக்காக. மண்டேலா மந்திரிசபையிலயே ஜே நாயுடுன்னு ஒரு மந்திரி இருந்தாரு. ஆனா அங்க அது வெறும் கடைசிப் பேரு. கவண்டர் வீட்டுப் பொண்ணு நாயுடு வீட்டுக்கு மருமகளாப் போகுது, ஒரு அருவாளும் எந்திரிக்கல. அந்த வாலுல உசுரு போக நூத்தி அம்பது வருசமும் ஒரு சமுத்திரமும் வேண்டியிருந்துச்சு. துபாய் நாலு மணி நேரந்தான்டா. மாசம் ஒருக்க மாமன் வீடியோ கால்ல வருவாரு.

சரி, நம்ம வீட்டுக்குன்னு ஒரு குடும்பப் பேரு ஏற்கெனவே இருக்கே, அதைப் போட்டுக்கன்னு சொல்லலாம்னு பாத்தேன். உனக்குத் தெரியாது. திண்டுக்கல்லுல அந்தக் காலத்துல ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலை நடத்துச்சு. என் பாட்டன் சுருட்டு உருட்டுனவரு. அதுலயிருந்து ஊர்ல நமக்கு ‘சுருட்டு வீடு’ன்னு பேரு. இன்னைக்கும் தபால்காரருக்குக் கதவு நம்பர் சொன்னாத் தெரியாது, சுருட்டு வீடுன்னா நேரா வந்துருவாரு. சாதியும் இல்ல, சாமியும் இல்ல, தொழிலால வந்த கௌரவமான பேரு. ஆனா நீ போறது பேங்கு வேலைக்கு. கல்லாவுக்குப் பக்கத்துல ‘கார்த்திகேயன் சுருட்டு’ன்னு பலகை வச்சா, அரபிக்காரனுக்கு ஒண்ணும் தோணாது. வரிசையில நிக்கிற ராமநாதபுரத்துக்காரன் மட்டும் ரூவாயைத் திரும்ப ஒருக்க எண்ணிப் பாப்பான்.

அதனால அப்பன் பேருக்கே வா. இதுலயும் வேடிக்கைக்குக் கொறைச்சல் இல்ல. செஸ் ஆடுற விசுவநாதன் ஆனந்த்து இருக்காரே, அவரு பேரு ஆனந்த். விசுவநாதன் அவங்கப்பா. உலகம் பூராம் அந்த மனுசனைச் செல்லமா ‘விஷி’ங்குது! பெத்தவரைக் கூப்பிட்டா மகன் திரும்பிப் பாக்குறாரு. நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ் 2024-ல கப்பு வாங்குச்சே, கேப்டன் அஸ்வின், அவரும் ரவிச்சந்திரன் அஸ்வின்தான். முன்னால நிக்கிறது அப்பா. வாஷிங்டன் சுந்தருக்குப் பின்னால நிக்கிறவரும் அப்பாதான், ஆனா போர்டுல சுந்தர்னுதான் எழுதுறான். அப்பனை எந்தப் பக்கம் நிறுத்துனாலும் எவனோ ஒருத்தன் மாத்திக் கூப்பிடத்தான் செய்வான். மலேசியாவுல நம்மாளுக கெட்டிக்காரக. பேருக்கு நடுவுல ‘ஏ/எல்’னு போட்டு, இது மகன், அது அப்பன்னு வேலி கட்டி வச்சிருக்காக.

மதுரையில 1972-ல பொறந்த சுந்தர் பிச்சையைப் பாரு. பிச்சைங்கிறது அவங்கப்பா பேருல இருக்குறது. நம்ம பக்கம் பிச்சைன்னு ஏன் பேரு வைப்பாக? முந்துன புள்ளைக தங்கலைன்னா, சாமிகிட்டக் கையேந்தி வாங்குன புள்ளைன்னு வைப்பாக. பள்ளிக்கூடத்துல அந்தப் பேரு வச்ச பையன் படாதபாடு படுவான். பெரியவனானதும் நாலுல ஒருத்தன் பேரை மாத்திக்கிட்டான். 2015-ல அந்தப் பிச்சை கூகுளுக்குத் தலைவராகவும், உலகத்துல இருக்க பணக்காரனெல்லாம் ‘மிஸ்டர் பிச்சை’ன்னு எந்திரிச்சு நின்னு கை குடுக்குறான். அதுக்கப்புறம் நம்ம தெருப் பிச்சை, கடைக்குப் புதுசா போர்டு எழுதி வச்சுட்டான்.

இம்புட்டும் சொல்லிட்டு, உள்ளத ஒண்ணு சொல்லிர்றேன். உங்கப்பன் பேரைவிட என் பேரு வச்சா எடுப்பா இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு. கார்த்திகேயன் பழனிச்சாமி. முன்னாலயும் முருகன், பின்னாலயும் முருகன். முதலமைச்சரா இருந்தவருக்கே அந்தப் பேருதான். விமானத்துல மைக்குல கூப்பிட்டா எப்படி இருக்கும்! நான் ஆசைப்பட்டுச் சொல்லல, பொருத்தத்தைச் சொல்றேன்.

ஆனா உங்க அப்பத்தா இருக்காளே. கழுத்துல தாலி ஏறுன நாள்லயிருந்து என் பேரு அவ வாயில வந்ததில்ல. ரேஷன் கார்டு எடுக்கப் போனப்ப, புருசன் பேரு என்னன்னு கிளார்க்கு கேக்க, மேக்க மலையைக் கையைக் காட்டிட்டு நின்னா. அவரு ‘மலைச்சாமியா?’ன்னாரு. இல்லைன்னு தலையை ஆட்டுனா. ‘ஆண்டியா?’ன்னாரு. பின்னால நின்னவன் ஒருத்தன் எடுத்துக் குடுத்து ஒருவழியா எழுதுனாக. அதுகூடப் பரவாயில்ல. நம்ம மாவட்டத்துலயே இருக்குற ஊரு பழனி. அந்த ஊருக்கு அவளால டிக்கெட்டு வாங்க முடியாது. ‘எங்கம்மா போகணும்?’ம்பான் கண்டக்டரு. ‘முருகன் இருக்குற ஊருக்கு’ம்பா. ‘திருப்பரங்குன்றத்துக்கு பஸ் அங்கிட்டு நிக்குது, எறங்கு’ம்பான். பஞ்சாமிர்தம் விக்கிற ஊருன்னு சொல்லி, ஒட்டன்சத்திரம் தாண்டிச் சொல்றேன்னு சொல்லி, அதுக்குள்ள பஸ்சு பாதி தூரம் போயிரும்.

என் பேரைத்தான் பேரன் வாலா வைக்கப் போறான்னு நேத்து ராத்திரி சோறு போடும்போது மெல்ல எடுத்து விட்டேன். கரண்டியைக் கீழ வச்சுட்டு யோசிச்சா. ‘அவன் துபாய்லயிருந்து பணம் அனுப்புனா, யாரு அனுப்புனதுன்னு பேங்குல கேப்பானே. முழுப் பேரு சொல்லணும்ல. நான் எதைச் சொல்ல?’ன்னா. அப்புறம் அவளே, ‘பேசாம அவங்கப்பன் பேரையே போடச் சொல்லுங்க. அவன் நான் பெத்த புள்ள. அந்தப் பேரைத் தெருவுல நின்னுகூடச் சத்தம் போட்டுக் கூப்புடுவேன்’னுட்டா. இத்தன வருசம் பேரு சொல்லாத மரியாதைக்குப் பலன், பேரு வைக்கிற நேரத்துல என்னைக் கழட்டி விட்டுட்டா.

அப்புறம் என்ன, முடிவாயிருச்சு. ஃபாரத்துல முதல் கட்டத்துல கார்த்திகேயன், சர்நேம் கட்டத்துல செல்வராஜ். பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்டுல அப்பன் பேருக்கு என்ன ஸ்பெல்லிங் போட்டிருக்கோ அதையே போடு. ஆதார்ல ஒண்ணு, பான் கார்டுல ஒண்ணுன்னு எழுதி வச்சா, அடுத்த வருசமும் தாத்தன்கிட்டத்தான் வந்து நிப்ப. செல்வராஜைச் சேத்து எழுது, நடுவுல எடம் விட்றாத. விட்டேன்னா செல்வத்தைக் கழட்டிட்டு ‘மிஸ்டர் ராஜ்’னு கூப்பிடுவான், அந்தக் கான்பூர்க்காரன் திரும்பவும் உன்கிட்ட இந்தியில ஆரம்பிச்சுருவான். உங்க மாமன் கேட்டா, தாத்தா பேரு வைக்கிறதா இருந்துச்சு, அப்பத்தா வேணாம்னுட்டான்னு சொல்லு. அவகிட்ட வந்து கேக்க அவருக்கு ஏது தைரியம்.